வெர்னா வீட்டுக் கொடியில் காய்ந்த இளஞ்சிவப்பு

எங்கள் துறைமுகத்தில் சாக்குத்துணியில் கொக்கியால் கம்பளித் துணிக் கீற்றுகளை இழுத்து விரிப்பு செய்கிற பெண்களுக்கு ஒரு சங்கம் உண்டு. சங்கம் என்றால் தலைவி வேண்டுமே. அது ஹில்ட்ரெட் ஸ்விக்கர். இயற்கைச் சாயத்தைத் தவிர மற்றதெல்லாம் பாவம் என்பது அவர் கொள்கை. அதை அவர் விளக்கும்போதெல்லாம் அவருடைய நைலான் மேலங்கி பளபளக்கும்.

வெர்னா கார்க்கம் அந்த இலையுதிர் காலத்தில் ஒரு சின்ன விரிப்புதான் செய்யப் பார்த்தாள். அதில் அவள் புருஷன் ஓரினின் படகு இருக்க வேண்டும். மூட்டுவலியால் அதை வசந்தத்தில் விற்றதிலிருந்து, கடல் பக்கத்து ஜன்னல் திரையை மூடிவிட்டு அடுப்பங்கரையிலேயே உட்கார்ந்திருந்தான் அவன். மலிவாகக் கிடைத்ததென்று இளஞ்சிவப்புப் பெயின்ட் அடித்த படகு அது. "மிட்டாய் வருதுடோய்" என்று துறைமுகமே சிரிக்கும். அந்த நிறம் அச்சாக வர வேண்டும் என்று வெர்னா, ஊறினால் இளஞ்சிவப்புச் சாயம் விடுகிற மஞ்சள் கல்பாசியைக் கடற்பாறைகளில் சுரண்டி ஜாடியில் ஊறப் போட்டிருந்தாள்.

சங்கத்துப் பெண்கள் நாங்கள் வெர்னா வீட்டு முற்றத்தில் கூடிய அன்று, ஹில்ட்ரெட் ஜாடியை மோந்து கண்ணை மூடிக்கொண்டார். "ஆகா! நம்ம கடலோட ஆன்மாவே இதுல இருக்கு."

"ஆன்மா இல்லீங்க, ஓரினோட மூத்திரம்," என்றாள் வெர்னா. "பழைய முறைன்னா அதானே?"

நாங்கள் யாரும் யாரையும் பார்த்துக்கொள்ளவில்லை.

வெர்னா சாயத்திலிருந்து ஒரு பழைய கம்பளிப் போர்வைத் துண்டை வெளியே எடுத்து உயர்த்திப் பிடித்தாள். அதே நிறம். அவள் அதை உள்ளே அடுப்புக்கு மேலே காயப்போடப் போனாள்.

"அடுப்பா? இயற்கையா சாயம் போட்டதை இயற்கையாதான் காயவைக்கணும்," என்றார் ஹில்ட்ரெட். "வெயில்ல போடு, வெர்னா."

போட்டாள். நண்பகல் வெயில். நாங்கள் டீ ஊற்றிக்கொண்டிருந்தோம். முதலில் பார்த்தது நான்தான். துணியின் மேல் ஓரம் ஊதாவாகியிருந்தது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஊதா கீழே இறங்கியது. அதற்குப் பின்னாலேயே நீலம் வந்தது. யாரும் தொடவில்லை, எதுவும் ஊற்றவில்லை. கொடியில் கிளிப்பு கவ்விய இடம் மட்டும் இளஞ்சிவப்பாகவே நின்றது.

"ஐயோ என் படகு!" என்று வெர்னா கத்தினாள்.

ஹில்ட்ரெட் தொண்டையைச் செருமினார். "இது வந்து... நான் எதிர்பார்த்ததுதான்."

"எதிர்பார்த்தா ஏன் கப்பைக் கவுத்தீங்க?" என்றாள் ஒருத்தி. தலைவியின் மேலங்கி முழுக்க டீ.

கத்தல் கேட்டுக் கதவைத் திறந்துகொண்டு ஓரின் வந்தான். மாதக்கணக்கில் அவன் முற்றத்துக்கு வந்ததில்லை. கொடியடியில் நின்று அண்ணாந்து பார்த்தான்.

"யாரு இதுக்கு நீலம் போட்டது?"

"வெயிலு," என்றேன்.

"ஜாடியில இன்னும் துணி இருக்கா?"

"ஒண்ணே ஒண்ணு," என்றாள் வெர்னா. "அதை அடுப்புல காயவச்சு விரிப்புல படகுக்கு வச்சுக்கறேன். உன் படகுதான்யா, அதே கலரு. உனக்காகத்தான்..."

ஓரின் கொடியிலிருந்த நீலத் துணியை விரலால் தொட்டுப் பார்த்தான். "படகு போயிடுச்சு வெர்னா. அதையும் விரி. முதல்லேருந்து பார்க்கணும்."

"கலர் போயிடும்யா."

"போகட்டும். எப்படிப் போகுதுன்னு பார்க்கலாம்."

வெர்னா ஜாடியையும் அவனையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு துணியைப் பிழிந்து அவன் கையில் கொடுத்தாள். ஓரின்தான் கொடியில் போட்டான். ஒரு முனையை வெர்னா பிடித்துக்கொண்டாள். நாங்கள் எல்லோரும், நனைந்த நைலானோடு ஹில்ட்ரெட்டும், தலையைத் தூக்கி வாயைத் திறந்து நின்றோம். நான் அவரை அறிந்த காலத்தில் முதல் முறையாக அவர் எதையும் விளக்கவில்லை. துணி இளஞ்சிவப்பிலிருந்து ஊதாவாகி, நீலமானது.

"தேவனே," என்றார் ஹில்ட்ரெட், மிகவும் மெதுவாக.

விரிப்பு முடிந்தபோது அதில் படகு இல்லை. முழுக்க அந்த நீலத்தில் கடல்தான். ஓரின் அதைத் தரையில் போட விடவில்லை. ஜன்னல் திரையைக் கழற்றிவிட்டு அந்தக் கம்பியிலேயே ஒரு ஓரமாக மாட்டிவிட்டான், கடலையும் அதையும் ஒரே பார்வையில் பார்க்கிற மாதிரி.