மேல் வரிசைத் துளைகள்

புகை என்பது எரியாமல் தப்பிப்போன விறகு. ஆம்பூரில் தோல் பதனிடும் ஒரு டேனரியின் பாய்லர் அறையில் வேலை பார்க்கும் ஜெயசீலனுக்கு இதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. புகைபோக்கியில் கரும்புகை போனால் உள்ளே நெருப்புக்குக் காற்று போதவில்லை. காற்றைக் கொஞ்சம் திறந்துவிட்டால் அதே புகை உள்ளேயே பற்றி எரிந்து சூடாகிவிடும். புகைபோக்கியின் உச்சியில் ஒன்றுமே தெரியாத நாள்தான் அவனுக்கு நல்ல நாள்.

வேலூர் ஆஸ்பத்திரியில் டாக்டர், "உங்க மனைவி பக்கத்துல புகையே வரக்கூடாது," என்றபோது, வேறு யாராவது என்றால் நெருப்பையே மறந்திருப்பார்கள். ஜெயசீலன் புகையை ஒரு பக்கமும் நெருப்பை ஒரு பக்கமும் பிரித்து வைத்துக்கொண்டான்.

அவன் மனைவி எழிலரசி ஷூ கம்பெனியில் பஃபிங் மெஷினில் இருந்தவள். ஒட்டுவதற்கு முன் தோலைச் சொரசொரப்பாக்கும் சக்கரம் அது. சக்கரம் சுற்றினால் தூசி பறக்கும். தூசி பறந்தால் மூக்குக்குள்தான் போகும். டாக்டர் காட்டிய படத்தில் அவள் நுரையீரல் தேன்கூடு போல ஓட்டை ஓட்டையாக இருந்தது. இது இனித் திரும்பாது, இருக்கும்வரை பத்திரமாகப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று டாக்டர் அவளை வைத்துக்கொண்டே சொன்னார்.

திரும்பி வரும் பஸ்ஸில் விரிஞ்சிபுரம் தாண்டியதும் அவள் கேட்டாள்.

"அப்ப டிசம்பர்ல குளிர் காய முடியாதா?"

"இன்னா?"

"பின்னாடி வெந்நி அடுப்பாண்ட உக்காருவமே, ரெண்டு பேரும். அது கெடையாதா இனிமே?"

ஷிஃப்ட் முடிந்து வந்து, குளிக்க வெந்நீர் காயும்வரை அடுப்பைச் சுற்றி உட்காருவார்கள். கல்யாணமான நாளிலிருந்து அவர்கள் பேசியதெல்லாம் அந்த அடுப்படியில்தான். அவர்களுடைய ஒரே மகள் ஷர்மிளாவுக்குப் பெயர் வைத்தது கூட அங்கேதான்.

"வேற ஒண்ணும் கேக்கல நானு. இந்த ஒரு டிசம்பர் அப்பிடி உக்காந்தா போதும்," என்றாள் எழிலரசி.

"உக்காரலாம். நான் பாத்துக்கறேன்," என்றான் ஜெயசீலன்.

ஓசூரில் இருக்கும் ஷர்மிளா புகையே வராத நெருப்புத் தொட்டி என்று போனில் படங்கள் அனுப்பினாள். பளபளவென்று எவர்சில்வரில், வெளிநாட்டுக்காரர்கள் வீட்டுப் பின்புறத்தில் வைத்துச் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள். விலையைப் பார்த்து எழிலரசி போனைத் திருப்பிக் கொடுத்தாள். ஜெயசீலன் விலையைப் பார்க்கவே இல்லை. உள் அமைப்பைக் காட்டும் படத்தைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு, சமையலறைக்குப் போய் ஒரு அகலமான டப்பாவும் ஒரு டம்ளரும் எடுத்து வந்தான்.

"தோ பாரு எழிலு. டப்பாக்குள்ள டம்ளர். நடுவுல சந்து இருக்குதா? நெருப்பு டம்ளர்ல எரியுது. கீழ ஓட்டை வழியா காத்து ரெண்டா போவுது. பாதி நேரா விறகுக்கு. மீதி இந்த சந்துல ஏறுது. ஏறும்போதே சூடாயிடுது. மேல, டம்ளர் விளிம்புக்குக் கீழ சுத்தி சின்னச் சின்ன ஓட்டை. அது வழியா கொதிக்கக் கொதிக்க உள்ள பாயுது. கிளம்பற புகை அங்க வந்து மாட்டிக்கும். சூடான காத்து பட்டதும் புகையே பத்திக்கும்."

"எதுனா கேட்டா இந்தாளு என் டம்ளரத்தான் எடுக்கறாரு. காபி இன்னாத்துல குடிக்கறது?"

முதலில் செலவில்லாத வழியைப் பார்த்தான். தரையில் ஒரு குழி, பக்கத்தில் காற்றுக்கு இன்னொரு குழி, இரண்டையும் கீழே இணைக்கும் ஒரு வளை. சுலபமானது, நன்றாகவும் எரியும். ஆனால் பாலாறு பக்கத்து மண். ஒரு மழைக்கு இரண்டு குழியிலும் தண்ணீர் ஊறி நின்றது.

"மீன் வளக்கப் போறீங்களா?" என்றாள் எழிலரசி சன்னலிலிருந்து. சிரித்ததும் இருமல் வந்தது.

ஆகவே தரைக்கு மேலேதான் என்று முடிவாயிற்று. கம்பெனியில் காலி டிரம்கள் சும்மா கிடைக்கும். வேண்டாம் என்றான், கெமிக்கல் இருந்த டிரம், சூடானால் என்ன வரும் என்று யாருக்குத் தெரியும். நாகத்தகடு வேண்டாம்; துத்தநாகப் பூச்சு சூட்டில் ஆவியாகும், அது அவளுக்கு ஆகாது. கடைசியில் காயலான் கடையில் பழைய புகைபோக்கிக் குழாய் இரண்டு துண்டு கிடைத்தன, ஒன்றுக்குள் ஒன்று போகிற மாதிரி, வெறும் இரும்பு. பெயிண்டைச் சுரண்டி எடுத்தான். மேல் துளைகளை ஒரே இடைவெளியில் வரும்படி சாக்பீஸால் குறித்துக்கொண்டு துளையிட்டான். சாம்பல் கீழே விழ அடியில் ஒரு சல்லடைத் தட்டு. இத்தனை கவனமாக அவன் பாய்லரைக்கூடப் பார்த்ததில்லை.

பற்றவைத்த அன்று அவளை உள்ளேயே இருக்கச் சொன்னான். உட்சுவர் சூடாகும்வரை எந்தத் தொட்டியும் புகையும். காய்ந்த வேலிக்காத்தான் கட்டைகளை மேல் துளைகளுக்குக் கீழே நிற்கும்படி அடுக்கியிருந்தான்; விறகு அதைத் தாண்டிவிட்டால் புகை துளைகளைத் தொடாமலே போய்விடும். கொஞ்ச நேரம் வெள்ளையாகப் புகைந்தது. பிறகு மேல் வரிசையில் ஒரு துளையில் தீ எட்டிப் பார்த்தது, அடுத்ததில், அதற்கடுத்ததில். சுற்றிவர எல்லாத் துளைகளிலும் சின்னச் சின்ன நாக்குகள் உள்நோக்கி நீண்டபோது புகை இருந்த இடம் தெரியவில்லை.

"எழிலு! வா வா!"

சால்வையைப் போர்த்திக்கொண்டு வந்து உட்கார்ந்தாள். இரண்டு உள்ளங்கைகளையும் நெருப்புக்கு நேராக நீட்டினாள். மூச்சை மெதுவாக இழுத்துப் பார்த்தாள். இருமவில்லை.

"சர்ச்சுல மெழுகுவத்தி மாதிரி இருக்குது," என்றாள். "இது நெருப்புன்னு நம்பவே முடியல."

அதன்பின் புயல் வந்தது. நாலைந்து நாள் விடாத மழை. விறகு நனைந்தது. ஈர விறகு தன் சூட்டையெல்லாம் உள்ளிருக்கும் தண்ணீரைக் கொதிக்க வைக்கவே செலவழித்துவிடும்; சுவர் சூடாகாது, சுவர் சூடாகாவிட்டால் மேல் வரிசை வெறும் ஓட்டைதான். மழை விட்ட மாலை பற்றவைத்துப் பார்த்தான். புகை சுருண்டு சன்னல் பக்கம் போயிற்று. உள்ளே எழிலரசி இருமத் தொடங்கினாள். வாளித் தண்ணீரை ஊற்றி அணைத்தான்.

மதிலுக்கு அந்தப் பக்கம் ஹயாத் பாஷாவின் வீடு. கம்பெனிகளில் வெட்டியது போக மிஞ்சும் தோல் கட்டிங்குகளை வாங்கி விற்பவன். மதில் மேல் தலை தெரிந்தது.

"அண்ணா, இன்னா பேஜாரா நிக்கிற?"

"விறகு ஈரம் பாய். இவ ரெண்டு வாரமா ஆசையா உக்காந்துனு இருந்தா."

"அட, இதுக்கா? நம்ம கொடவுன்ல கட்டிங் காஞ்சி கெடக்குது. ஒரு கோணி தர்றேன், போடு. எங்க வூட்டு வெந்நி அடுப்பே அதுலதான் எரியுது. தெருவுல எந்த வூட்ல எரியல, சொல்லு?"

உண்மைதான். பதனிட்டதில் நீலம் பாய்ந்த தோல் துண்டுகள் அந்தத் தெருவில் விறகைவிட மலிவு. விறகை நனைக்கும் மழை கொடவுனில் கிடக்கும் தோலை ஒன்றும் செய்யாது.

ஜெயசீலன் யோசித்தான். அவன் பாய்லர் அறையிலேயே ஒரு போர்டு உண்டு: தோல் கழிவுகளை எரிக்கக்கூடாது. அதற்குக் காரணம் யாரும் எழுதவில்லை. அவனுக்குத் தெரிந்த காரணம் ஒன்றுதான். தோலைப் போட்டால் நாற்றம் பிடித்த கரும்புகை கிளம்பும், ஊரே பார்க்கும், அதிகாரிகள் வருவார்கள். அப்படியானால் குற்றம் புகையில்தானே? புகையில்லாமல் எரித்துவிட்டால்?

அவளை உட்காரவைக்கும் முன் அவன் தனியாகச் சோதித்தும் பார்த்தான். கொஞ்சம் விறகு, மேலே தோல். முதலில் மயிர் கருகும் வாடை வந்தது. மேல் வரிசை பற்றிக்கொண்டதும் வாடை போய்விட்டது. ஒரு வெள்ளை டைல்ஸ் துண்டை நெருப்புக்கு மேல் இடுக்கியால் பிடித்தான். கரி படியவில்லை. தோலுக்கு விறகைவிடச் சூடு ஜாஸ்தி, தொட்டி இன்னும் நன்றாக வேலை செய்தது. சோதனையில் தப்பில்லை. அவன் கேட்ட கேள்விக்கு அது சரியான பதிலைத்தான் சொன்னது.

அந்த டிசம்பர் மாலைகள் அவள் கேட்டபடியே நடந்தன. வாசலில் கிறிஸ்துமஸ் ஸ்டார் தொங்கியது, பின்பக்கம் இவர்கள் உட்கார்ந்திருந்தார்கள். மதிலுக்கு மேல் ஹயாத் பாஷா டீ நீட்டினான். "அண்ணி, அண்ணன் இதுக்கு டிக்கெட் போடலாம், ஊரே வரும்."

"வரட்டும். இந்தாளு டம்ளர வெச்சி வகுப்பு எடுப்பாரு, எல்லாம் ஓடிப் போய்டும்," என்றாள் எழிலரசி.

சில நாளில் அவள் மூக்கு எரிகிறது என்றாள். அப்புறம் கைக்குட்டையில் ரத்தப் பொட்டு. குளிர்காலம், மூக்கு வறண்டிருக்கும் என்று தேங்காய் எண்ணெய் தடவினார்கள். ஏற்கெனவே மாடிப்படி ஏற முடியாதவளுக்கு இப்போது பாத்ரூம் போய்வரவே மூச்சு வாங்கியது. நோய்தானே, ஏறிக்கொண்டுதானே போகும் என்று இருவருமே நினைத்தார்கள்.

கிறிஸ்துமஸ் முடிந்து இன்னொரு மழை. தொட்டியின் சாம்பலை ஜெயசீலன் வழக்கமாக மதிலோரம் கறிவேப்பிலைச் செடிக்குப் பக்கத்தில் கொட்டுவான். காலையில் பல் துலக்கப் போனவன் அங்கேயே நின்றான். சாம்பலைச் சுற்றித் தேங்கிய தண்ணீர் மஞ்சளாக இருந்தது. மஞ்சள் கரைத்து ஊற்றியதுபோல அப்படி ஒரு மஞ்சள்.

தோல் பதனிடும் குரோமியத்தின் நிறம் அவனுக்குத் தெரியும். தோல் ஊறும் டிரம்மிலிருந்து வழியும் தண்ணீர் நீலமாகவோ பச்சையாகவோதான் இருக்கும். இந்த மஞ்சளை அவன் ஒரே இடத்தில்தான் பார்த்திருந்தான். கம்பெனி லேப் அறையில், பூட்டிய அலமாரியில், மண்டை ஓடு படம் போட்ட புட்டியில்.

அந்தத் தண்ணீரை ஒரு புட்டியில் எடுத்துக்கொண்டு, லேப் அறையில் இருந்த கோபியைத் தேடிப் போனான். கழிவுநீர் சோதிக்கும் பையன், பொறுமையானவன்.

"அண்ணா, தோல்ல இருக்கற குரோமியம் சும்மா இருக்கறவரைக்கும் பெரிசா ஒண்ணும் பண்ணாது. எரிச்சா மாறிடும். அதுதான் இந்த மஞ்சள். மூச்சுல போனா நுரையீரலுக்கு ரொம்பக் கெட்டது. அதுக்குத்தான் பாய்லர்ல போர்டு."

"எல்லாம் மாறிடுமா?"

"இல்ல. அது நெருப்பப் பொறுத்தது. காத்து கம்மியா புகைஞ்சி எரிஞ்சா கம்மி. நல்லா சூடா, நிறையக் காத்து குடுத்து எரிச்சா ஜாஸ்தி." கோபி நிமிர்ந்து பார்த்தான். "யாரு எரிச்சது? புகை வந்துச்சா?"

"வரல."

"கொஞ்சங்கூடவா?"

"இல்ல."

கோபி அந்தப் புட்டியை இறுக்கி மூடி, அலமாரியில் வைத்துப் பூட்டினான்.

ஜனவரியில் எழிலரசியை ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். எது தூசியால், எது நெருப்பால் என்று பிரித்துச் சொல்ல முடியாது என்றார் டாக்டர். வீட்டுக்கு அனுப்பும்போது காற்றிலிருந்து ஆக்ஸிஜனைப் பிரித்துக் கொடுக்கும் மெஷின் ஒன்றும் கூட வந்தது. மூக்கில் குழாய், கட்டிலுக்குப் பக்கத்தில் மெஷின், அதன் மேல் ஒரு சிவப்பு ஸ்டிக்கர்: நெருப்புக்கு அருகில் வைக்காதீர்.

ஜெயசீலன் அவளிடம் எல்லாவற்றையும் சொன்னான். மஞ்சள் தண்ணீர், கோபி, போர்டு. அவள் கேட்டுக்கொண்டாள்.

"பஃபிங் மெஷின்லயும் நீங்கதான் என்னை உக்கார வெச்சீங்களா?"

"அது வேற, இது வேற எழிலு."

"எனுக்கு ரெண்டும் ஒரே நெஞ்சுதான்." கொஞ்சம் மூச்சு விட்டுக்கொண்டாள். "நல்லா இருந்துச்சு. அத மட்டும் கெட்டதுன்னு சொல்லாதீங்க."

சாம்பலையும் அடியில் இருந்த மண்ணையும் வழித்து ஒரு பிளாஸ்டிக் பையில் கட்டினான். கம்பெனியில் வெளிக்குப்பை எடுக்க மாட்டார்கள். குப்பை வண்டியில் போட்டால் ஊர் எல்லையில் கொட்டி அதையும் எரிப்பார்கள். பை மதிலோரமே கிடந்தது.

ஹயாத் பாஷாவிடமும் சொன்னான். அவன் டீ கிளாஸைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டான். முகம் வாடிப்போயிற்று.

"அல்லா சத்தியமா எனுக்குத் தெரியாதுண்ணா. அண்ணிக்கு நானே..."

"உன்னைச் சொல்லல பாய். உன் வூட்லயும் நிறுத்திடு."

"நிறுத்தி? வூட்ல எட்டு பேரு குளிக்கணும். கேஸ்ல வெந்நி வெச்சா மாசம் ஒரு சிலிண்டர் அதுக்கே போய்டும். நான் நிறுத்தினா அடுத்த வூடு நிறுத்துமா? ஒரு அடுப்ப நிறுத்தினா இந்தத் தெருக் காத்து மாறிடுமா?"

தெருவில் எத்தனை அடுப்புகள் என்று ஜெயசீலனுக்கும் தெரியும்.

ஜனவரிக் கடைசியில் ஒரு மாலை எழிலரசி கேட்டாள். "அந்தத் தொட்டிய ஒரு தடவ பத்த வைங்களேன். கட்டை போட்டு."

"நீ வெளிய வரக்கூடாது. மெஷின் இருக்குது."

"சன்னலாண்ட உக்காந்துக்கறேன்."

விறகு இப்போது நன்றாகக் காய்ந்திருந்தது. தொட்டியைச் சுரண்டிக் கழுவி, வேலிக்காத்தானை அளவாக அடுக்கினான். கட்டிலைச் சன்னலோரம் இழுத்துப்போட்டான். குழாய் எட்டும் தூரம் பார்த்து, நெருப்பு எவ்வளவு தள்ளி இருக்கவேண்டுமோ அவ்வளவு தள்ளித் தொட்டியைக் கொல்லைக் கோடிக்கு நகர்த்தினான்.

எல்லாம் சரியாக இருந்தது. உட்சுவர் சூடேறி, மேல் வரிசை ஒவ்வொன்றாகப் பற்றி, புகை அற்றுப்போய், தெளிவான ஒரு வளையமாக நெருப்பு நின்றது. அவன் செய்ததிலேயே நல்ல நெருப்பு அதுதான்.

எழிலரசி சன்னல் கம்பிக்கு உள்ளே இருந்தபடி இரண்டு உள்ளங்கைகளையும் நீட்டினாள்.

"சூடு வருதா எழிலு?"

"வருது."

நெருப்பின் சூடு ஒரு விளக்கின் வெளிச்சத்தைப் போலத்தான் பரவும். இரண்டு மடங்கு தள்ளிப் போனால் பாதியாகாது, கால்பங்காகும். மூன்று மடங்கு தள்ளினால் ஒன்பதில் ஒரு பங்கு. அவள் இருந்த இடத்துக்கு என்ன போய்ச் சேரும் என்று ஜெயசீலனுக்குக் கணக்குப் போடாமலே தெரியும்.

"நல்லா வருதுங்க," என்றாள் மறுபடியும்.

இன்னொரு கட்டையை எடுத்து, மேல் துளைகளைத் தாண்டாமல் வைத்தான். அப்போது மதிலுக்கு அந்தப் பக்கம் ஹயாத் பாஷா வீட்டு வெந்நீர் அடுப்பைப் பற்றவைத்தார்கள். மயிர் கருகும் வாடையோடு புகை மதிலேறி இந்தப் பக்கம் சரிந்தது.

ஜெயசீலன் ஓடிப்போய் சன்னலின் கண்ணாடிக் கதவுகளை இழுத்துச் சாத்தினான்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவள் கைகளை எடுக்கவில்லை. நெருப்புக்கு நேராக அப்படியே நீட்டிக்கொண்டிருந்தாள்.