இடது தோள் இறங்கிய பொம்மை

மாடி அறையில் குடியிருந்த நர்ஸ், தையற்காரியின் கதவடியில் ஒரு சீட்டைத் தள்ளிவிட்டு வேலைக்குப் போய்விட்டாள். ஆஸ்பத்திரியில் எழுதிப் பழகிய கை, அதனால் ஆங்கிலம். அறையில் குறையில்லை, மாடிப்படி முனைதான் 'ஈரி'யாக இருக்கிறது, வேறு இடம் பார்க்கிறேன் என்று.

தையற்காரிக்கு அந்த ஒரு சொல்தான் புரியவில்லை. தனிக்கட்டையான அவளுக்கு, இரண்டு வருடமாகக் கூட உட்கார்ந்து டீ குடிக்க இருந்தது அந்தப் பெண் ஒருத்திதானே, கண்ணுகளா.

அகராதி அச்சிடும் இடத்தில் பிழைதிருத்தும் நாத்தனாரிடம் சீட்டோடு ஓடினாள்.

"என்ன அண்ணி இந்த ஓட்டம்? மிஷின் தீப்பிடிச்சிருச்சா?"

"ஈரின்னா என்ன? வீடு அழுக்குங்கிறாளா?"

"இல்ல. அங்க போனா உடம்பு சிலிர்க்குதாம், இனம்தெரியாத பயமாம்."

"பேயா? என் வீட்டுல எனக்கே இடம் பத்தல."

நாத்தனார் தடித்த புத்தகத்தைப் புரட்டினாள். "இதக் கேளுங்க. ஆதியில இந்தச் சொல் இடத்தைச் சொல்லல. மனுஷங்களைத்தான் சொல்லியிருக்கு, பயந்தாங்கொள்ளின்னு. ரொம்ப நாள் கழிச்சுதான் பயந்தவங்களை விட்டுட்டு, பயமுறுத்தினது மேல போய் ஒட்டிக்கிச்சு."

"அப்ப வீட்டைக் கழுவிப் பிரயோஜனம் இல்ல."

"அவளையே கேளுங்க, எதைப் பார்த்துப் பயந்தாள்னு."

சாயங்காலம் நர்ஸ் வந்தபோது, தையற்காரி இரண்டு டம்ளர் டீயோடு படியில் உட்கார்ந்திருந்தாள், கேட்டும் விட்டாள்.

"சொன்னா சிரிப்பீங்க அக்கா. படிமுனையில நீங்க துணி மாட்டிப் பார்க்க வச்சிருக்கிற அந்தத் தையல் பொம்மை. தலை இல்ல, ஆனா அது நான்தான். இடுப்பு என்னுது. இடது தோள்கூட என்னை மாதிரியே இறங்கியிருக்கு. ஒரு வாரமா என்னை நானே தாண்டிப் போறேன்."

தையற்காரிக்குக் கையில் டீ இருப்பதே மறந்துவிட்டது. பழகிய உடம்புக்கு அவள் டேப் பிடிப்பதில்லை, கண்ணளவுதான். நர்ஸின் பிறந்தநாளுக்கென்று ரகசியமாக ஒரு கோட் தைத்துக்கொண்டிருந்தாள். பொம்மையின் அளவைக் கூட்டிக் குறைக்கும் திருகுகளைத் திருப்பி, பஞ்சு வைத்து, தோளை இறக்கி, வெளிச்சம் விழும் படிமுனையில் நிறுத்தியிருந்தாள். கோட்டை மட்டும் தினமும் பீரோவில் ஒளித்தாள். பொம்மையையும் ஒளிக்க வேண்டும் என்று தோன்றவே இல்லை.

எழுந்துபோய்க் கோட்டை எடுத்து வந்து பொம்மைக்குப் போட்டுவிட்டாள். "உன் பிறந்தநாளுக்குத்தான்மா" என்றாள். நர்ஸ் அதைக் கழற்றித் தானே போட்டுக்கொண்டாள். கோட்டின் இடது தோளுக்குள் வைத்துத் தைத்திருந்த பஞ்சால் இரண்டு தோளும் ஒரே மட்டத்தில் நின்றன.

"இனிமே அதைத் துணிபோட்டு மூடிடறேன்மா."

"ஐயோ வேணாம், மூடினா இன்னும் பயம். அந்தச் சீட்டைக் குடுங்க, கிழிச்சுடறேன்."

"அது நாத்தனார்கிட்ட. அகராதிக்குள்ள வச்சுட்டாளே, தரமாட்டா. நீ டீயைக் குடி, ஆறுது."