சோற்றுப் பாயில் ஏறியவன்

சங்கரன்கோவிலில் இருந்து திருவேங்கடம் போகிற சாலையில் இருக்கும் எங்கள் கிறிஸ்தவ ஆலயத்தில் சமூக நீதி ஞாயிறைத் தடபுடலாகக் கொண்டாடினோம். ஆம்புலன்ஸ் வரும்வரை எல்லாம் நிகழ்ச்சி நிரலின்படியே நடந்தது.

அன்றைக்கு அசனமும் இருந்தது. அசனம் என்றால் சபையார் எல்லாரும் ஒன்றாக உட்கார்ந்து ஒரே சோற்றைச் சாப்பிடுவது. சோறு ஒன்றுதான். ஆனால் விறகு பிளப்பதும் அண்டா தேய்ப்பதும் கீழத்தெரு. சோற்றைத் தொடுவது மேலத்தெரு. வெந்த சோற்றைப் புதுப்பாயில் மலையாகக் கொட்டி ஜெபம் பண்ணுவார்கள். அள்ளிப் போடுகிறவர்கள் காலைக் கழுவிவிட்டு அந்தப் பாயில் ஏறுவார்கள். கால் கழுவாதவன் ஏறக்கூடாது என்பதுதான் விதி. சாதியைப் பற்றி விதியில் ஒரு வார்த்தை கிடையாது. தேவைப்பட்டதில்லை, கீழத்தெருக்காரனுக்குக் கால் கழுவ அங்கே யாரும் தண்ணீர் மொண்டு கொடுத்ததில்லை.

மகாராஜன் கீழத்தெரு. புளியங்குடி எலுமிச்சை மண்டியில் மூட்டை தூக்குகிறவன். அவன் அம்மா ஞானபூரணம் கல்யாணமாகி வந்த நாள் முதல் அசன அண்டா தேய்க்கிறாள். ஒரு வருஷமாவது அந்தச் சோற்றைத் தன் கையால் அள்ளிப் பந்தியில் போட்டுவிட வேண்டும் என்று அவனுக்கு ஒரு பிடிவாதம். கமிட்டியில் கேட்டான். செயலாளர் சுந்தரராஜ், பஸ் ஸ்டாண்டுப் பக்கம் இரும்புக்கடை வைத்திருப்பவர், "ஜெபத்துல வச்சிருக்கோம் தம்பி" என்றார். எங்கள் சபையில் ஒன்றை ஜெபத்தில் வைப்பதும் பரணில் போடுவதும் ஒன்றுதான்.

சிறப்புச் செய்தியாளராக ரெவரெண்ட் டாக்டர் தேவநேசன் வந்திருந்தார். மூன்று நாடுகளில் விடுதலை இறையியல் படித்தவர். கிறிஸ்தவனுக்குச் சாதி கிடையாது, சமபந்தி என்பது இறையாட்சியின் முன்சுவை என்று காலையில் தொடங்கி மதியம் தாண்டியும் பேசினார். முன்சுவை பின்னால் அடுப்பில் அடிப்பிடித்துக்கொண்டிருந்தது. கடைசியில் அவருக்கு ஒரு யோசனை உதித்தது. ஆண்டவர் சீஷர்களின் காலைக் கழுவவில்லையா? பந்திக்கு முன்னால் செயலாளர் ஐயா ஒரு கீழத்தெரு சகோதரனின் காலைக் கழுவட்டும்.

சுந்தரராஜுக்கு முகம் சுண்டிவிட்டது. ஆனால் வீடியோ ஓடிக்கொண்டிருந்தது. முதலில் முன்னால் வந்து நின்ற மகாராஜனை நாற்காலியில் உட்காரவைத்து, செம்புத் தண்ணீரை ஊற்றி, இரண்டு விரலால் தொட்டார்.

"நல்லாத் தேயுங்க அண்ணாச்சி. மண்டித் தூசி லேசுல போவாது" என்றான் மகாராஜன். கீழத்தெருப் பெண்கள் சிரித்தார்கள்.

துடைத்து முடித்ததும் அவன் செருப்பைப் போடாமல் எழுந்தான். நேராகப் போய்ச் சோற்றுப் பாயில் ஏறி அகப்பையை எடுத்தான்.

"ஏலே, இறங்குலே" என்றார் சுந்தரராஜ்.

"கால் கழுவியாச்சுல்லா அண்ணாச்சி. நீங்கதான கழுவுனிய."

இதற்குப் பதில் வேதத்திலும் இல்லை, சபை விதியிலும் இல்லை. அடுப்பில் இருந்தது. சுந்தரராஜின் தம்பி மகன் எட்வின் பாதி எரிந்த கருவேலங்கட்டை ஒன்றை உருவிக்கொண்டு வந்தான். முதல் அடி அகப்பை பிடித்த கையில் விழுந்தது. எலும்பு முறிந்த சத்தம் பந்தியின் கடைசி ஆளுக்கும் கேட்டது. இரண்டாவது அடி மண்டையில். மகாராஜன் சோற்றில் குப்புற விழுந்தான். நாலைந்து பேர் பாயில் ஏறி மிதித்தார்கள். அதில் ஒருவனும் காலைக் கழுவவில்லை.

எங்கள் பக்கத்தில் போதகரை ஐயர் என்போம். ஐயர் மைக்கைப் பிடித்து "ஜெபிப்போம்" என்று கண்ணை மூடிக்கொண்டார். கண்ணை மூடியவரை யாரும் சாட்சிக்குக் கூப்பிட முடியாது. முனைவர் தேவநேசன் பாத்திர அறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டார்.

ஞானபூரணம் கத்தவில்லை. கொதிக்கிற சாம்பாரை வாளியில் மொண்டு மிதிக்கிற கால்களின் மேல் வீசினாள். அது போதாமல் இன்னொரு வாளி. எட்வினுக்கு முழங்காலுக்குக் கீழே தோல் கத்திரிக்காயோடு சேர்ந்து வழண்டு வந்தது. விலக்கிவிடப் போனவர்போல் நின்று விலாவில் மிதித்துக்கொண்டிருந்த சுந்தரராஜ் அங்கேயே உட்கார்ந்து ஊளையிட்டார். சோற்று மலை ரத்தமும் மஞ்சளுமாகச் சரிந்து கிடந்தது.

சாயங்காலம் அரசு ஆஸ்பத்திரியில் மகாராஜன் தலையில் தையலும் வலது கையில் மாவுக்கட்டுமாகப் படுத்திருந்தான். அம்மா பக்கத்தில் இருந்தாள். வாசலில் அவளைக் கூட்டிப்போக ஒரு பெண் போலீஸ். வாக்குமூலம் எழுத வந்த ஏட்டிடம் மகாராஜன் வன்கொடுமைச் சட்டத்தில் வழக்குப் போடச் சொன்னான்.

"நீ கிறிஸ்டியன்லா. அந்தச் சட்டம் உனக்கு வராது" என்றார் ஏட்டு அருண்பாண்டியன். "சும்மா அடிதடி கேஸுதான். உங்கம்மா மேல உள்ளதுதான் பெருசு. கொதிக்கதத் தூக்கி ஊத்திருக்கு. லேசுல ஜாமீன் கிடைக்காது."

கிறிஸ்தவனுக்குச் சாதி கிடையாது என்று முனைவர் காலையில் சொன்னதைத்தான் சட்டமும் சொன்னது. கருவேலங்கட்டைக்கு மட்டும் யாரும் சொல்லவில்லை.

கொஞ்ச நேரத்தில் ஐயர் வந்தார்.

"மகாராஜா, நீ கேஸ விட்டிரு. அம்மா மேல குடுத்தத அவங்களும் வாபஸ் வாங்கிக்கிடுதோம்னு சொல்லுதாங்க. ஏழெழுபது தரம் மன்னிக்கச் சொல்லித்தான வேதம் இருக்கு."

"எண்ணத் தொடங்கணும்னா ஒருத்தனாவது வந்து மன்னிப்புக் கேக்கணும்லா ஐயா" என்றாள் ஞானபூரணம்.

மகாராஜன் உதடு வீங்கியிருந்ததால் மெதுவாகப் பேசினான். "அடுத்த அசனத்துல நான் சோறு போடலாமா?"

ஐயர் கூரையைப் பார்த்தார். "தண்ணி ஊத்தலாம். கமிட்டில பேசி, பந்தித் தண்ணி முழுக்க உம்பொறுப்புல..."

"அப்ப கேஸு இருக்கட்டும் ஐயா."

சொன்ன பிறகுதான் அது அம்மாவை ஜெயிலுக்கு அனுப்புகிற வார்த்தை என்பது அவனுக்கு முழுசாக உறைத்தது. அவள் பக்கம் திரும்பப் பயந்தான்.

ஞானபூரணம் சேலையில் காய்ந்திருந்த பருப்பை நகத்தால் சுரண்டிவிட்டு எழுந்தாள். பெண் போலீஸிடம் "போவமா தாயி?" என்றாள். பிறகு மகனிடம் குனிந்தாள்.

"சோத்தாங்கைய ஆட்டாதலே. எலும்பு கோணலாக் கூடிரும். பொறவு அகப்பை எப்படிப் பிடிப்ப?"

வாசலில் நின்ற ஐயர் அவளுக்கு வழிவிட்டு ஒதுங்கினார்.