பெயருக்குப் பின்னால் ஒரு ‘பண்ணு’

1

இந்தக் கதை என் மனைவியின் ஒரு சிரிப்பிலிருந்து வந்தது. நீதிமன்றத்திலிருந்து வந்தவள் செருப்பைக்கூடக் கழற்றாமல் நாற்காலியில் சாய்ந்து சிரித்தாள். பிறகு அழுதாள். எது எதற்கென்று புரியாமல்தான் எழுத உட்கார்ந்தேன்.

முதலில் இப்படித் தொடங்கினேன்: ‘இணையத் தேடல் சந்தையில் ஆதிக்கம் செலுத்தும் நிறுவனங்களுக்கு எதிரான பரிகாரங்களை ஆராயுமிடத்து...’ எனக்கே கொட்டாவி வந்தது. அடித்துவிட்டேன்.

2

ஆட்கள் மூன்று பேர்தான். எழுதுகிற நான். வக்கீலான என் மனைவி. அவளுடைய தம்பி, அதாவது என் மச்சினன். சின்னதாக ஒரு தேடுபொறி நடத்துகிறான்.

(நாலாவது, உலகத்துக்கே தேடிக் கொடுக்கும் அந்தப் பெரிய நிறுவனம். பெயரை எழுதியிருந்தேன், வக்கீல் அடித்துவிட்டாள். எங்கள் வீட்டில் அதற்குப் ‘பெரியவர்’ என்று பெயர்.)

போன் செய்கிற கம்பெனிகளுக்குக் காசு கொடுத்து, எந்தப் போனைத் திறந்தாலும் தானே முதலில் நிற்கிற மாதிரி பெரியவர் செய்துவைத்திருந்தார். அது தப்பு என்று நீதிமன்றம் ஏற்கெனவே சொல்லிவிட்டது. இனி பரிகாரம் என்ன என்பதுதான் கேள்வி. மச்சினன் தரப்பு கேட்டது இரண்டு: அந்தக் காசு நிற்க வேண்டும், புதுப் போனில் எல்லாத் தேடுபொறிகளையும் காட்டி, எது வேண்டும் என்று வாங்கியவரையே கேட்க வேண்டும். கிடைக்காவிட்டால் அவன் கடையை மூட வேண்டியதுதான்.

3

‘மச்சினன் ஒரு லட்சியவாதி, அவன் கண்களில்...’ இல்லை. அவன் அப்படியெல்லாம் கிடையாது. கம்பெனிக்குப் பெயர் யோசித்த நாட்களில் எங்கள் சமையலறையில் வழியை மறித்து நின்றுகொண்டு, ஒவ்வொரு பெயருக்குப் பின்னாலும் ‘பண்ணு’ சேர்த்துச் சொல்லிப் பார்ப்பான். தமிழில் எதற்குப் பின்னால் ‘பண்ணு’ போட்டாலும் வினைச்சொல் ஆகிவிடுமே. என்றைக்காவது யாராவது ஒருவர் அவன் கம்பெனிப் பெயரைச் சொல்லி, “பண்ணிப் பாரு” என்று இன்னொருவரிடம் சொல்ல வேண்டும். ஆசை அவ்வளவுதான். அதனாலேயே எனக்கு அவனை ரொம்பப் பிடிக்கும்.

4

அன்றைக்கு அவன் சாட்சிக் கூண்டில் நின்றான். பெரியவரின் வக்கீல் பணிவாகத்தான் கேட்டார்: இது மாதிரி வழக்குகளின் பழைய தீர்ப்புகளை எப்படித் தெரிந்துகொண்டீர்கள்?

மச்சினன் யோசிக்கவே இல்லை. “பெரியவர் பண்ணிப் பார்த்தேங்க.” (அங்கே சொன்னது நிஜப் பெயர்.)

கூடமே சிரித்தது. நீதிபதி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அவன் தேடியதென்னவோ தன் பொறியில்தான். வாய் காலை வாரிவிட்டது. போட்டிக்காரரே எங்களைத்தான் விரும்புகிறார், பிறகு பரிகாரம் எதற்கு என்று சொல்லிவிட்டு எதிர்த்தரப்பு வக்கீல் உட்கார்ந்தார்.

என் மனைவி எழுந்தாள். (நெருப்பாகப் பேசினாள் என்று எழுதியிருந்தேன். தொண்டை கட்டியிருந்ததால் மெதுவாகத்தான் பேசினாளாம். திருத்தினாள்.)

“இவர் என் தம்பி. அந்தப் பொறியைக் கட்டினவரே இவர்தான். இவர் வாயிலயே அவங்க பேர்தான் வருது. இது விருப்பம் இல்லைங்க, பழக்கம். காசு குடுத்துப் பழக்கினது. அதனாலதான் எல்லாரையும் ஒரு தடவை கேக்கச் சொல்றோம்.”

யாரும் சிரிக்கவில்லை.

5

வெளியே வந்ததும், “அக்கா, கவுத்துட்டேனா?” என்று கேட்டானாம். தெரியலடா என்று சொல்லிவிட்டுத்தான் வீட்டுக்கு வந்து சிரித்தாள். சிரித்ததும் அழுததும் அவன் கூண்டில் சொன்ன அந்த ஒரு வரிக்குத்தான் என்று இப்போது புரிகிறது.

இதுவரை படித்துவிட்டு, அந்த ஒரு வரியை மட்டும் எடுத்துவிடச் சொன்னான் மச்சினன்; மானம் போகிறதாம். எடுத்தால் கதையே இல்லை. மனசு கேட்காமல், முடிவையாவது அவன் ஜெயிக்கிற மாதிரி எழுதித் தருவதாகச் சொன்னேன்.

“வேணாம் மாமா. நீங்களே ஒண்ணை முன்னாடி நிறுத்தி வெச்சா, அப்புறம் உங்களுக்கும் பெரியவருக்கும் என்ன வித்தியாசம்?”

6

ஆகவே முடிவுகளைச் சீட்டைக் கலைப்பதுபோல் கலைத்து வைக்கிறேன்:

[ ] காசு நின்றது, புதுப் போனில் கேள்வி வரவில்லை.
[ ] ஒன்றும் கிடைக்கவில்லை, கடைக்குப் பூட்டு.
[ ] கேட்டது இரண்டும் கிடைத்தது.

தீர்ப்பு வந்துவிட்டது. என்னவென்று நான் சொல்லப்போவதில்லை, தேடித் தெரிந்துகொள்ளுங்கள். தேடுவதற்கு முன்னால், உங்கள் விரல் தானாக எங்கே போகிறது என்று மட்டும் பாருங்கள். என் மச்சினனும் அதைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறான்.