கீழத்தெருச் சுடுகாடு

இறந்துபோன அப்பாவைத் தயிர் தேய்த்துக் குளிப்பாட்டப் போகிற ஆண்களிடம் கொடுக்கத் தயிர்ச் சட்டியோடு முற்றத்துக்கு வந்த நசீப் கௌர் அப்படியே நின்றுவிட்டாள். சட்டைக் கையைச் சுருட்டிவிட்டுக்கொண்டு அங்கே நின்றவன் நாஜர் சிங். கீழத்தெருக்காரன். இருபது வருஷத்துக்கு முன்னால் அவளைப் பெண் கேட்டு வந்தவன். அவனையும் அவன் தகப்பனையும் அப்பா இதே முற்றத்திலிருந்து விரட்டியடித்தார். அவன் வேறொருத்தியைக் கட்டிக்கொண்டான். நசீப் யாரையும் கட்டிக்கொள்ளவில்லை. அப்பாவுக்கு ரொட்டி சுட்டுப் போட்டே தலை நரைத்துவிட்டது.

சித்தப்பா அவனை வெளியே போகச் சொல்லிக்கொண்டிருந்தார். அவன் அசையவில்லை. தன்னைக் கீழத்தெருச் சுடுகாட்டில்தான் எரிக்க வேண்டும் என்று சர்தார்ஜி, அவள் அப்பா, அவனிடம் சொல்லியிருந்தாராம். அந்த ஊரில் இவர்கள் தெருவுக்கும் கீழத்தெருவுக்கும் குருத்வாரா தனி, சுடுகாடும் தனி. போன மழைக்காலத்தில் டிராக்டர் கவிழ்ந்து வாய்க்காலில் கிடந்தவரைத் தூக்கிக் காப்பாற்றியது கீழத்தெரு ஆட்கள். அன்றிலிருந்து விடியற்காலையில் அவர்களுடைய குருத்வாராவுக்குப் போய், வருகிறவர்களின் செருப்பையெல்லாம் துடைத்து வைத்துக்கொண்டிருந்தாராம்.

நடந்துவிட்டு வருகிறேன் என்றுதான் அவளிடம் சொல்லிவிட்டுப் போவார். திரும்பி வந்ததும் டீ ஆறிப்போச்சு என்று கத்துவார்.

"செருப்பா? எங்க அண்ணனா?" சித்தப்பா சிரிக்கப் பார்த்தார். சிரிப்பு வரவில்லை.

"சபை நடுவுல சர்தார்ஜி எங்கப்பா கால்ல விழுந்தார்," என்றான் நாஜர். "'எனக்கு உசிரு குடுத்தவங்களைப் போய் வாசல்ல நிக்க வச்சுப் பேசினேனே'ன்னு அழுதார். எங்க தெருவே அழுதுச்சு."

நசீப் சட்டியைக் கீழே வைத்தாள். "என் பேரைச் சொன்னாரா?"

நாஜர் சுருட்டிய சட்டைக் கையை இறக்கிவிட்டுக்கொண்டான்.

"கேக்குறேன்ல. ஒரு தடவையாவது?"

"இல்ல, நசீப்."

ஊராரிடமெல்லாம் பணிந்து போகத் தெரிந்த மனுஷனுக்கு, சொந்த வீட்டு அடுப்படி மட்டும் தூரமாகிவிட்டதா? பாரத்தையெல்லாம் அங்கே இறக்கி வைத்துவிட்டு ஜோராகக் கிளம்பிவிட்டார்.

சித்தப்பா அவள் பக்கம் திரும்பினார். நெருப்பு வைக்கப்போவது ஒரே மகளான நீதான், வேண்டாம் என்று ஒரு வார்த்தை சொல், நம் சுடுகாட்டில் விறகு அடுக்கியாயிற்று என்றார். அந்த வார்த்தை அவள் நாக்கு நுனி வரை வந்தது.

"கீழத்தெருவுக்கே கொண்டுபோங்க," என்றாள். "அவர் நினைச்சது நடக்கட்டும். எப்பவும் அப்படித்தானே நடந்துச்சு."

சிதை நன்றாகப் பிடித்துக்கொண்டதும் ஆளுக்கொரு துரும்பைத் தரையிலிருந்து எடுத்து, இரண்டாக ஒடித்து, முதுகுக்குப் பின்னால் போட்டார்கள். போனவரோடு இனி ஒட்டும் உறவும் இல்லை என்று அர்த்தம். சித்தப்பா ஒடித்தார். நாஜரும் கண்ணைத் துடைத்துக்கொண்டு ஒடித்தான். எல்லோரும் கை கழுவ அடிபம்புப் பக்கம் போனார்கள்.

நசீப்பும் ஒரு துரும்பை ஒடித்துப் போட்டாள். குனிந்து இன்னொன்றை எடுத்து அதையும் ஒடித்தாள். பிறகு இன்னொன்று. சித்தப்பா அங்கிருந்து கூப்பிட்டபோது அவள் அடுத்ததைத் தேடிக்கொண்டிருந்தாள்.