ஐஸ் வைக்காத மீன்

நீலச் சட்டையைத்தான் போட்டு வர வேண்டும் என்று சப்ரி மூன்று தடவை போனில் கோல் எடுத்துச் சொன்னபோதே ஹமீடுக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். மீன் பிடிக்கப் போகிற மனிசனுக்கு இஸ்திரி போட்ட சட்டை எதற்கு? ஆனால் கூப்பிட்டார்களே என்ற சந்தோசத்தில் அவருக்கு அந்த யோசனையெல்லாம் ஓடவில்லை.

நாலு பேரும் கல்முனையில் ஒரே வகுப்பில் இருந்து படித்தவர்கள். பர்ஸானிடம் இரண்டு போட்டுகள் இருந்தன. சீசனுக்கு வருகிற வெள்ளைக்காரர்களைப் பெரிய மீன் பிடிக்க ஆழ்கடலுக்கு ஏற்றிப் போவது அவர் தொழில். வருடத்தில் ஒருநாள் மட்டும் அந்தப் போட்டுகள் கூட்டாளிமாருக்கு. சப்ரி பாடசாலை அதிபர், அஸ்ஹருக்கு மருந்துக்கடை, ஹமீட் நில அளவையில் இருந்து பென்சன் எடுத்தவர். இப்படிக் கடலுக்குப் பதினொரு வருடம் போயிருக்கிறார். ஒரு பெரிய மீன்கூட அவருடைய தூண்டிலை எட்டிப் பார்த்ததில்லை.

அதற்காக வெறுங்கையோடு வீட்டுக்குப் போக முடியுமா? வரும் வழியில் மருதமுனைக் கரையில் ஒரு பாரை மீனை வாங்கிக்கொண்டு போய், தான் பிடித்ததென்று மனைவி அஸீஸாவிடம் நீட்டுவார். அவள் செவுளைத் தூக்கிப் பார்ப்பாள், வயிற்றைத் தொட்டுப் பார்ப்பாள். "கடலுக்குள்ளயே ஐஸ் வெச்சா விக்கிறானுகள்?" என்று கேட்டுவிட்டு அரிவாளை எடுப்பாள். பதினொரு வருடமும் அவர் பொய்யை மாற்றவில்லை, அவளும் கேள்வியை மாற்றவில்லை.

அஸீஸா மௌத்தாகி, மண்ணுக்குப் போய் எட்டு மாதம். நாற்பதாம் நாள் கத்தம் ஓதியதோடு அவளுடைய பெயரும் முடிந்துபோயிற்று. ஹமீட் பேச்சை அந்தப் பக்கம் திருப்பினால் சப்ரி நெல் விலைக்குப் போய்விடுவார், அஸ்ஹர் கிரிக்கெட்டுக்குப் போய்விடுவார், மகள் ஜெனூபா அடுப்பைப் பார்க்கப் போய்விடுவாள். அவருக்கு நோகக் கூடாதாம். மனிசன் தவித்ததே அந்தப் பெயரை இன்னொரு வாயிலிருந்து ஒருதரம் கேட்கத்தான். நடுக்கடலில் யாரும் எழுந்து போக முடியாது, ஒருவராவது வாய் திறப்பார் என்ற நம்பிக்கையில்தான் அவர் வந்தார். மீனெல்லாம் அதற்குப் பிறகு.

விடியச் சுபஹ் தொழுதுவிட்டுப் புறப்பட்டார்கள். முன் போட்டில் ஹமீடும் அஸ்ஹரும். பாண்டிருப்புச் சீனித்தம்பி சுக்கான் பிடித்தார். பர்ஸானும் சப்ரியும் பின் போட்டில். கரை மறைந்தது, போனில் சிக்னல் போனது, வெயிலும் ஏறியது. அஸ்ஹர் கிரிக்கெட்டையே கதைத்துக்கொண்டிருந்தார்.

பத்து மணிபோல ஹமீடின் தூண்டில் றீல் சீறிக்கொண்டு ஓடியது. தூரத்தில் ஒரு தளபத்து மீன் தண்ணீரைக் கிழித்து எழும்பி, முதுகுத் துடுப்பைப் பாய்போல விரித்து விழுந்தது. ஹமீட் தடியை இடுப்பில் ஊன்றிக்கொண்டார். இந்தப் பிடிப்பில் ஒரு சட்டம் உண்டு. யாருடைய தூண்டிலோ அவர்தான் இழுக்க வேண்டும். இன்னொரு கை தடியில் பட்டால் அந்த மீன் அவருடையதல்ல. அதனால் அஸ்ஹர் பக்கத்திலேயே நின்றார், தலையில் தண்ணீர் ஊற்றினார், தடியை மட்டும் தொடவில்லை. ஒரு மணித்தியாலம் போயிற்று. தோள் விட்டுப் போகிறதென்று ஹமீட் சொன்னார். விடாதே என்று அஸ்ஹர் சொன்னார்.

பின் போட்டு நெருங்கி வந்தது. பர்ஸான் போனைத் தூக்கி வீடியோ எடுத்தார். நெஞ்சை நிமிர்த்தச் சொன்னார். தொப்பியைக் கழற்ற வேண்டாம், வழுக்கை தெரியும் என்றார் சப்ரி. அப்போதுதான் ஹமீடுக்கு நீலச் சட்டை உறைத்தது.

"யாருக்குடா இந்த வீடியோ?"

அஸ்ஹர் கடலைப் பார்த்தார். "நிந்தவூர்ல ஒரு இடம் மச்சான். ஸுஹைறா எண்டு, பள்ளிக்கூட ரீச்சர். மாப்பிள்ள மௌத்தாகி மூணு வருசம். ஆளுக்கு நோய் நொடி இருக்கா எண்டு அவட கூடப் பொறந்த நானா கேக்கார். அதான். எல்லாம் கதைச்சிட்டம், ஜெனூபாவும் ஓம் எண்டுட்டா."

நம் பக்கத்தில் வீடு பெண்ணுடையது, ஆண் பெட்டியோடு போய்ச் சேருகிறவன். அஸீஸாவின் சீதன வீடு இப்போது ஜெனூபாவின் வீடு. முன்னறையில் ஒரு கட்டிலோடு இருக்கிற தகப்பனுக்கு இன்னொரு வீடு பார்ப்பது இவர்களுக்கு அன்பு. அது ஹமீடுக்கும் விளங்கியது. விளங்கியும் என்ன, அவருக்கொரு வீடு வேண்டுமா என்று கேட்காமல் கூட்டாளிமாரும் மகளும் கூடி முடிவெடுத்த இடத்தில் அவர் மட்டும் இருக்கவில்லை. அத்தனை பெரிய கடலில் அவரும் அந்த மீனும் மட்டும் இருப்பதுபோல இருந்தது.

கோபத்தில்தான் மிச்சத்தை இழுத்தார். சீனித்தம்பி கையுறையோடு குனிந்து மீனின் நீண்ட மூக்கைப் பிடித்தார். தளபத்தைக் கொல்லாமல் விட்டுவிடுவது பர்ஸானுடைய வழக்கம். அதற்குமுன் ஒரு படம். ஹமீடும் குனிந்து அதைப் பிடித்துக்கொண்டார்.

"இஞ்ச பாத்துச் சிரி மச்சான்," என்றார் பர்ஸான்.

ஹமீட் சிரிக்கவில்லை. போனைப் பார்த்துக் கதைத்தார்.

"நான் ஹமீட். இத நான்தான் புடிச்ச. இதுக்கு முந்தி பதினொரு வருசமா நான் வீட்ட கொண்டு போன மீனெல்லாம் கரையில வாங்கினது. என்ட பொஞ்சாதி அஸீஸாக்கு அது தெரியும். செவுளத் தூக்கிப் பாத்து, கடலுக்குள்ளயே ஐஸ் வெச்சா விக்கிறானுகள் எண்டு கேப்பா. இண்டைக்கு மெய்யாவே புடிச்சிட்டன். காட்ட அவ இல்ல. அதான் உங்களுக்குக் காட்டுறன்."

கையை விட்டார். மீன் ஒரு கணம் பக்கத்தில் கிடந்துவிட்டுக் கீழே போயிற்று.

வீடியோவின் கடைசித் துண்டை வெட்டிவிட்டு அனுப்பலாம் என்று சப்ரி மெதுவாகச் சொன்னார்.

"முழுசா அனுப்பு, இல்லாட்டி அனுப்பாத," என்றார் ஹமீட்.

திரும்பி வரும்போது யாரும் கிரிக்கெட் கதைக்கவில்லை. பள்ளிவாசல் மினாராக்கள் தெரியத் தொடங்கிய இடத்தில் சிக்னல் வந்தது, வீடியோவும் முழுசாக நிந்தவூருக்குப் போயிற்று. கரையில் இறங்கி, முழங்கால் தண்ணீரில் சாமான் இறக்கிக்கொண்டிருந்தபோது பர்ஸானின் போன் சத்தமிட்டது. அவர் வாசித்துவிட்டு அஸ்ஹரிடம் நீட்டினார்.

"மாட்டாவாமா?" என்று சப்ரி கேட்டார்.

அஸ்ஹர் போனைக் கண்ணுக்குக் கிட்டப் பிடித்தார். அஸீஸாவின் கடைசி மாத மருந்தெல்லாம் அவர் கையால் கட்டிக் கொடுத்தவைதான். "ஸுஹைறாட நானா எழுதியிருக்கார். தங்கச்சி ரெண்டு தரம் பாத்தாவாம். அஸீஸாக்கு என்ன நோய் வருத்தம், கடைசி நேரம் கதைச்சாவா எண்டு கேக்கச் சொன்னாவாம்."

எட்டு மாதத்தில் முதல் தடவையாக அந்தப் பெயர் அஸ்ஹரின் வாயில் வந்தது, அதுவும் இன்னொருத்தி கேட்டதை வாசித்ததால் வந்தது. ஹமீட் கையை நீட்டிப் போனை வாங்கினார். எழுத முடியவில்லை, மீன் இழுத்த விரல்கள் விறைத்திருந்தன. குரல் பதியும் பொத்தானை அழுத்திப் பிடித்தார்.

"கதைச்சா," என்று தொடங்கினார்.

பிறகு மூன்று கூட்டாளிமாரையும் தண்ணீரில் விட்டுவிட்டு, முகம் தெரியாத அந்தப் பெண்ணுக்குச் சொல்லிக்கொண்டே கரை நெடுக நடந்து போனார்.