சொல்லிக் கொடுத்த பதில்கள்

அன்றைக்கு இவளுக்கு ஒன்றும் சொல்லிக் கொடுக்காமல் கூட்டிக்கொண்டு போயிருக்கலாம். நான் வாயை மூடிக்கொண்டு இருந்திருந்தால் பிள்ளைக்கு ஒரு வழி பிறந்திருக்கும்.

விருதுநகர் பஸ்ஸில், ஜன்னலோரம் உட்கார்ந்திருந்த மகளைப் பார்த்தபடி சோலையம்மாள் இதையே மனசுக்குள் உருட்டிக்கொண்டிருந்தாள். புதிதாக முளைத்த நினைப்பு அல்ல. பட்டாசு கம்பெனியில் புஸ்வாணத்துக்கு மருந்து செலுத்தும்போது கை பாட்டுக்கு வேலை செய்யும்; மனசு போய் இதில் உட்கார்ந்துகொள்ளும். உள்ளங்கையில் ஏறிய வெள்ளிப் பவுடர் எத்தனை சோப்புப் போட்டாலும் போகாதது போல, இதுவும் போகவில்லை.

ஓவியாவுக்குப் பதினேழு வயது. உடம்பு பெரிய மனுஷி. மனசு நாலைந்து வயதிலேயே நின்றுவிட்டது. வெளியே ஓடிய ஆடுகளையெல்லாம் கை நீட்டிக் கூப்பிட்டுக்கொண்டு வந்தாள்.

கண்டக்டர் வந்து, “எங்கத்தா போகணும்?” என்றார், பொதுவாக.

ஓவியா சட்டென்று முதுகை நிமிர்த்தினாள். “என் பேரு ஓவியா. எங்கம்மா பேரு சோலையம்மா. எங்க ஊரு அச்சங்குளம். இன்னைக்குத் திங்கக்கிழமை.”

“திங்கக்கிழமையா? ஊருக்கெல்லாம் புதன்கிழமை, ஒனக்கு மட்டும் தனிக் காலண்டரா? எந்தக் கம்பெனியில அடிச்சது? சிவகாசியா?”

பஸ்ஸில் நாலு பேர் சிரித்தார்கள். தன்னைப் பாராட்டுகிறார்கள் என்று ஓவியாவும் சிரித்தாள். முன் சீட்டில் இருந்த அருணாதேவி திரும்பி, “டிக்கெட்டக் கிழிங்கய்யா, வாயக் கிழிச்சது போதும். விருதுநகர் மூணு” என்றாள். அவள் சோலையம்மாளின் அண்ணன் பெண்டாட்டி. ஒரு நாள் கூலியை விட்டுவிட்டுத் துணைக்கு வந்திருந்தாள்.

சோலையம்மாள் சிரிக்கவில்லை. அந்தத் திங்கட்கிழமையைப் பிள்ளையின் வாயில் வைத்தவள் அவள்தான்.

ஓவியாவுக்கு ஒன்பது வயதாக இருக்கும்போது, அவள் போன பள்ளிக்கூடத்து டீச்சர் சொல்லி அனுப்பினாள்: சாத்தூரில் முகாம் போடுகிறார்கள், மாற்றுத்திறனாளி அட்டைக்கு டாக்டர்கள் வந்து பார்க்கிறார்கள், திங்கட்கிழமை கூட்டிக்கொண்டு போங்கள் என்று. டாக்டர் கேள்வி கேட்பார் என்றும் சொன்னாள். கேள்வி கேட்பார் என்ற ஒன்றைத்தான் சோலையம்மாள் பிடித்துக்கொண்டாள்.

கேள்வி கேட்க வருகிறவர்களை அவளுக்குத் தெரியும். கம்பெனிக்கு ஆய்வுக்கு ஆபீசர்கள் வருவதாகத் துப்புக் கிடைத்தால், முதல் நாள் சாயந்தரமே போர்மேன் சங்கையா பெண்களை வேப்ப மரத்தடியில் உட்கார வைத்துவிடுவார். “ஒரு ரூம்ல எத்தன பேரு?” “நாலு பேரு சார்.” எட்டுப் பேர் இருந்தாலும் நாலு பேர்தான். “மருந்த எங்க காய வைக்கீக?” “மேடையில சார்.” யாராவது இழுத்தால் சங்கையாவுக்குப் பொறுக்காது. “யோசிக்காதத்தா! யோசிச்சாத்தான் ஆபீசர் திரும்பிப் பாப்பாரு. கேட்டான்னா டக்குன்னு வரணும். ஒருத்தி மாத்திச் சொன்னாலும் கம்பெனிக்குச் சீலு, நமக்குக் கஞ்சியும் இல்ல.”

பதினைந்து வருஷமாக அந்த மரத்தடியில் படித்தவள், பிள்ளையையும் அப்படியே தயார் பண்ணினாள். சனி, ஞாயிறு இரண்டு நாளும் இதே வேலை. பேர் என்ன, அம்மா பேர் என்ன, ஊர் என்ன, இன்றைக்கு என்ன கிழமை. ஒன்று முதல் பத்து வரை. சிவப்பு எது, பச்சை எது. தப்பாகச் சொன்னால் தொடையில் ஒரு கிள்ளு, சரியாகச் சொன்னால் ஒரு வாய் சீனி. திங்கட்கிழமை காலையில் ஓவியா தண்ணீராக ஒப்பித்தாள்.

முகாமிலும் ஒப்பித்தாள். டாக்டர் கேட்டதெல்லாம் கிட்டத்தட்ட சோலையம்மாள் கேட்ட கேள்விகளாகவே இருந்தன. “நல்லாப் பேசுறாளே! நீங்களே சொல்லிக் குடுப்பீங்களாம்மா?” என்றார். சோலையம்மாள் பூரித்துப்போய்த் தலையாட்டினாள். அவரும் பாவம், வரிசையைப் பார்த்துவிட்டு எழுதிக் கொடுத்தார். குறைபாடு நாற்பது சதவீதத்துக்குக் கீழே.

கீழே என்றால் நல்லது என்றுதான் அவள் நினைத்தாள். வருகிற வழியில் காராச்சேவு வாங்கி, பஸ் ஸ்டாண்டிலேயே பிரித்துப் பிள்ளைக்கு ஊட்டினாள்.

தெரியாமல் செய்தது என்று எல்லோரும் ஆறுதல் சொல்கிறார்கள். அந்த ஆறுதலை அவள் ஏற்பதில்லை. தெரியாமல் மட்டும்தானா? வெள்ளைக் கோட்டுப் போட்ட ஒருத்தர், உன் பிள்ளைக்கு ஒன்றும் பெரிதாக இல்லை என்று ஊரறியச் சொல்ல வேண்டும் என்ற ஆசை உள்ளே கிடந்ததே, அது தெரியாமல் வந்ததா? மாமியார் வீட்டுப் பேச்சுக்கெல்லாம் அந்தத் தாளை எடுத்துக் காட்டியது யார்? தப்பைக்கூட அவள் மன்னித்துவிடுவாள். காராச்சேவு வாங்கின அந்தச் சந்தோஷத்தைத்தான் மன்னிக்க முடியவில்லை.

நாற்பதுக்குக் கீழே என்றால் உதவித்தொகை கிடையாது, பயிற்சிக்கு எடுத்துக்கொள்ள மாட்டார்கள் என்பதெல்லாம் ஒவ்வொரு வாசலாக ஏறி இறங்கின பிறகுதான் விளங்கியது. ஓவியா பெரிய மனுஷியானதும் பள்ளிக்கூடம் நின்றது. புருஷன் முத்துக்கருப்பன் லோடு லாரியில் வடக்கே போனால் மாதக்கணக்கில் வரமாட்டான். கம்பெனிக்குள் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போக முடியாது. தெருவில் விட்டால் கூப்பிட்டவன் பின்னாலெல்லாம் போய்விடுவாள். ஒரு நாள் சோலையம்மாள் சோற்றையும் தண்ணீரையும் உள்ளே வைத்து, வெளியே பூட்டிவிட்டு வேலைக்குப் போனாள். முதல் நாள் ஓவியா கதவைத் தட்டித் தட்டி அழுதாளாம். பிறகு தட்டவில்லை. தட்டாமல் போனதைத்தான் சோலையம்மாளால் தாங்க முடியவில்லை.

போன மாதம் வீடு வீடாக மாற்றுத்திறனாளிகளைக் கணக்கெடுக்க வந்த பெண், பூட்டின வீட்டு ஜன்னலில் ஓவியாவைப் பார்த்து நின்றுவிட்டாள். சோலையம்மாள் வேலை முடிந்து வரும்வரை அங்கேயே காத்திருந்தாள்.

“ஏங்க்கா இவங்களுக்குக் கார்டு இல்லை?”

சோலையம்மாள் சொன்னாள். அந்தப் பெண் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது.

“மறுபடி பரிசோதிக்கச் சொல்லிக் கேட்கலாம்க்கா. அது இவங்க உரிமை. கார்டு வந்தா சாத்தூர் பகல் பராமரிப்பு மையத்துல சேர்த்துடலாம். வேன் உங்க ஊருக்கே வரும். நீங்க பூட்ட வேண்டியதில்லை.”

அதற்காகத்தான் இந்தப் புதன்கிழமை, இந்தப் பஸ்.

விருதுநகர் முகாமில் ஷாமியானா போட்டு நாற்காலிகள் வரிசையாகப் போட்டிருந்தார்கள். ஓவியாவை உட்கார வைப்பதற்குள் அருணாதேவி ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு வந்தாள்.

“ஏ சோல, இங்கன வா. உள்ள ஒரு டாக்டரம்மாதான் இருக்காகளாம். படத்தக் காட்டிக் கேக்காகளாம். அந்தா, பச்சச் சேலை, மல்லாங்கிணத்துக்காரி, அவ சொன்னா. அவ மகன் போன முகாம்ல வாயே தொறக்கலையாம். எச்சிய வடிய விட்டுக்கிட்டு மோட்டு வளையப் பாத்துக்கிட்டே இருந்தானாம். பொசுக்குன்னு கார்டு கெடச்சிருச்சு. அந்தப் பய யாருன்னு நெனைக்க? வத்தல் கடையில மூட்ட மூட்டையா எட போடுறவன்!”

“இருக்கட்டும் மதினி.”

“என்ன இருக்கட்டும்? நீயும் இவகிட்டச் சொல்லிரு. எது கேட்டாலும் வாயத் தொறக்காத, தலையத் தொங்கப் போட்டு இருன்னு. நீ சொன்னா அப்பிடியே கேப்பா. நான் சொன்னா என்னையப் பாத்துச் சிரிப்பா.”

“நான் டாக்டரம்மாகிட்ட உள்ளத உள்ளபடி சொல்லிருதேன் மதினி. அன்னைக்கு நாந்தான் சொல்லிக் குடுத்தேன்னு.”

“நீ சொன்னா நம்புவாகளா? கார்டுக்காகப் பெத்தவ கத விடுதான்னு நெனப்பாக. இத ஏன் நீ பொய்யின்னு நெனைக்க? அன்னைக்குக் கூட்டிச் சொல்ல வச்ச, இன்னைக்குக் கொறச்சுச் சொல்ல வையி. கணக்கு நேராயிரும்ல?”

மதினி சொன்னதை ராத்திரியெல்லாம் சோலையம்மாளே தனக்குச் சொல்லிப் பார்த்திருந்தாள். ஒரு நாள், ஒரு நாழிகை. பிறகு பூட்டு வேண்டாம். எந்தத் தாய்தான் செய்ய மாட்டாள்?

மகள் பக்கத்தில் போய்க் குனிந்தாள். “ஓவியா” என்றாள் காதோரம்.

அந்தக் குரலைக் கேட்டதும் ஓவியா நிமிர்ந்து உட்கார்ந்தாள். இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டாள். கண்ணெல்லாம் பளபளக்க அம்மாவின் வாயையே பார்த்தாள். அம்மா ஏதோ புதிதாகச் சொல்லித் தரப் போகிறாள். சொல்லுகிறபடி சொன்னால் சீனி உண்டு.

சோலையம்மாள் அப்படியே நின்றாள். இவள் மனசுக்குள் போட்டது எதுவும் வெளியே வருவதில்லை. எட்டு வருஷமாக ஒரு திங்கட்கிழமையைக்கூட அவளால் எடுக்க முடியவில்லை. அது வெறும் கிழமை. யாரோ சிரித்துவிட்டுப் போவார்கள். வாயைத் திறக்காதே என்பதைப் போட்டுவிட்டால்? மையத்தில் போய் உட்கார்ந்தும் திறக்க மாட்டாள். ஆட்டைப் பார்த்தும் திறக்க மாட்டாள். வலித்தாலும், யாராவது தொட்டாலும் திறக்க மாட்டாள். வீட்டைப் பூட்டினால் சாயந்தரம் வந்து திறந்துவிடலாம்.

அதே சமயம், உள்ளே இருக்கிற டாக்டரம்மா இன்றைக்கும், நல்லாப் பேசுறாளே என்று சொல்லிவிடலாம் என்பதும் அவளுக்குத் தெரிந்தேதான் இருந்தது. அப்படிச் சொல்லிவிட்டால் நாளைக் காலையில் அதே கதவு, அதே பூட்டு. அதற்கும் அவள்தான் காரணமாக இருப்பாள். இன்னும் எத்தனை வருஷம் மருந்து செலுத்திக்கொண்டே இதை நினைப்பாளோ.

“ஓவியா, அச்சங்குளம்” என்று உள்ளிருந்து கூப்பிட்டார்கள்.

“சொல்லிட்டியா?” என்று அருணாதேவி ஓடி வந்தாள்.

“இல்ல மதினி.”

“ஏ கூறுகெட்டவளே, இன்னுமா? இந்தத் தடவையும் போச்சுன்னா ஆயுசுக்கும் வீட்டுக்குள்ளதான் கெடப்பா. ஒத்த வார்த்த, புள்ள. இப்பவாச்சும் சொல்லு.”

ஓவியா இன்னும் அம்மாவின் வாயைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். சோலையம்மாள் அவளை எழுப்பி, சுருங்கியிருந்த தாவணியை நீவிவிட்டாள்.

“எனக்கும் கார்டு வேணும்தான் மதினி” என்றாள், பக்கத்து நாற்காலிக்குக்கூடக் கேட்காத குரலில். “ஆனா இத மட்டும் நான் அவளுக்குச் சொல்லிக் குடுக்க மாட்டேன்.”